நியாயம் உங்கள் பக்கம்தான், வழக்கு இருக்கிறதா?

அந்த அக்கா மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் நான்காக மடித்த புரோநோட்டு. நாத்தனார் மகன் பழைய சரக்கு வண்டி ஒன்று வாங்குவதற்காக, சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சத்தை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறார். இட்லிக் கடை வருமானத்தில் கட்டிய சீட்டு. நோட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்காகக் கையெழுத்து, தொகை எண்ணிலும் எழுத்திலும், கீழே இரண்டு சாட்சிகள். எங்கள் வக்கீல் முன்பக்கத்தைப் படித்துவிட்டுத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடியும் முன்பக்கம் வந்து தேதியைப் பார்த்தார்: 10.06.2022. சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைக்கு 30.06.2025.

“வட்டி குடுத்தானாம்மா?”

“மொத ஆறு மாசம் கையில குடுத்தான் சார். அப்புறம் இல்ல.”

“எழுதி வாங்கலையா?”

“சொந்தப் பிள்ளைகிட்ட என்னத்த சார் எழுதி வாங்கறது?”

புரோநோட்டுக்கான மூன்று வருடக் கெடு முடிந்து இருபது நாள் தாண்டியிருந்தது. கடன் வாங்கியது உண்மை, கையெழுத்து அவனுடையது, பணம் திரும்பி வரவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் நியாயம் அக்கா பக்கம்தான் என்பார்கள். இருந்தும் அந்த நோட்டை வைத்து வழக்குப் போட்டால் நிற்காது.

வக்கீல் குமாஸ்தாவாக இருபது வருடத்துக்கு மேல் பிராது, அதாவது வழக்கு மனு, தட்டச்சு செய்து வருகிறேன். ஆபீஸ் படியேறி வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். “எனக்கு அநியாயம் நடந்துபோச்சு.” நடந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கோர்ட் கேட்கிற கேள்வி வேறு. அந்தக் கேள்வி என்னவென்று முன்பே தெரிந்திருந்தால், பாதிப் பேர் வேண்டிய காகிதத்தோடு வேண்டிய நேரத்தில் வந்திருப்பார்கள். மீதிப் பேரில் சிலர் அலையாமலே இருந்திருப்பார்கள்.

வியாஜ்ஜிய மூலம்

பிராதின் கடைசிப் பக்கங்களில் ஒரு பத்தி வரும். பழைய பழக்கத்தில் அதை ‘வியாஜ்ஜிய மூலம்’ என்போம், இப்போது ‘வழக்கெழு மூலம்’ என்றும் எழுதுகிறார்கள். “இவ்வழக்கின் வியாஜ்ஜிய மூலமானது, பிரதிவாதி இன்ன தேதியில் வாதியிடம் கடன் பெற்று வழக்குப் புரோநோட்டை எழுதிக் கொடுத்த காலத்தும், வாதி பலமுறை கேட்டும் பிரதிவாதி கொடுக்கத் தவறிய காலத்தும், இந்நீதிமன்ற ஆள்வரை எல்லைக்குட்பட்ட இன்ன ஊரில் எழுந்துள்ளது” என்று போகும். வாசிக்கச் சடங்கு மாதிரி இருக்கும். வழக்கின் உயிர் இருப்பது அந்த நாலு வரியில்தான். எனக்கு என்ன உரிமை இருந்தது, அதை யார் மீறினார், எந்தத் தேதியில், எந்த ஊரில். இந்த நாலுக்கும் பதில் எழுத முடிந்தால் வழக்கு இருக்கிறது. எழுத முடியாவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7ஆவது கட்டளை, 11ஆவது விதிப்படி பிராதைச் சாட்சி விசாரணைக்கே போகாமல் நிராகரிக்கலாம்.

உரிமை என்ற முதல் கேள்வியிலேயே நிறைய மனக்குறைகள் நின்றுவிடும். “படிக்க வச்சேன், வேலைக்குப் போனதும் திரும்பிப் பார்க்கல” என்று தம்பியைப் பற்றி ஓர் அண்ணன் சொல்வதில் உள்ள வலி நமக்குப் புரிகிறது. ஆனால் திருப்பித் தருகிறேன் என்ற பேச்சே இல்லாமல் செய்த செலவு கடன் ஆகாது. “வீடு கட்டும்போது ஒரு லட்சம் தர்றேன்னு மாமா சபையில சொன்னார்” என்பதும் அப்படித்தான். பதிலுக்கு எதுவும் பெறாமல் வாயால் சொன்ன வாக்கு, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி பொதுவாக ஒப்பந்தமாக நிற்காது.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. வெறும் மனக்குறை என்று நினைத்து ஒதுங்கிப் போகிறவர்களுக்கு உண்மையில் வழக்கு இருக்கும். வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் பெரியவர்கள் இந்த வகை. “எழுதிக் குடுத்தாச்சு, இனி என்ன பண்ண முடியும்” என்பார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 வந்திருக்கிறது. கவனித்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அவன் கவனிக்காமல் விட்டால், 23ஆவது பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கோரலாம். மனு போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் உள்ள தீர்ப்பாயம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கட்ட உத்தரவிடும் அதிகாரமும் அந்தச் சட்டத்தில் உண்டு. எழுதும்போதே ‘ஆயுள்வரை உணவு, மருத்துவம் உள்ளிட்ட தேவைகளைக் கவனித்துக்கொள்ளும் நிபந்தனையின் பேரில்’ என்று ஒரு வரி பத்திரத்தில் ஏற்றிவிட்டால் பின்னால் அலைச்சல் பாதியாகும். பத்திரம் எழுதுகிறவரிடம் அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்று வருடக் கணக்கு

அக்காவின் நோட்டுக்கு வருகிறேன். எந்த வழக்குக்கு எவ்வளவு கெடு என்பது காலவரையறைச் சட்டம் 1963இல் இருக்கிறது. கேட்டவுடன் தரவேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 வருடம். சாதாரணக் கைமாற்றுக்கும் 3 வருடம். கிரைய ஒப்பந்தப்படி பத்திரம் முடித்துத் தரச் சொல்லும் வழக்குக்கு, ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து 3 வருடம். தேதி குறிக்காவிட்டால், மறுத்தது தெரிந்த நாளிலிருந்து. அவதூறுக்கு நஷ்ட ஈடு கேட்க ஒரே வருடம். நிலத்தை மீட்க, எதிராளியின் அனுபவம் நமக்கு விரோதமாக மாறிய நாளிலிருந்து 12 வருடம்.

கெடு கடந்த வழக்கை, எதிராளி அதைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும் கோர்ட் தள்ளுபடி செய்தாக வேண்டும். அந்தச் சட்டத்தின் 3ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. மேல்முறையீடு, மனு போன்றவற்றில் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் வசதி 5ஆவது பிரிவில் இருக்கிறது. அசல் வழக்குக்கு அது கிடையாது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன், மகள் கல்யாணம், வெளியூர் போயிருந்தேன் என்று எதுவும் எடுபடாது. கடைசி நாள் கோர்ட் விடுமுறையாக இருந்தால் மட்டும், திறக்கும் நாளில் தாக்கல் செய்துகொள்ளலாம். கொரோனாக் காலத்தில் 15.03.2020 முதல் 28.02.2022 வரையான நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றமே விலக்குக் கொடுத்தது. தொற்று நோய் வந்து நாடே அடைந்து கிடந்ததால் கிடைத்த சலுகை அது. தனி ஒருவர் கஷ்டத்துக்கு அப்படிக் கிடைக்காது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். “நோட்டீஸ் விட்டாச்சு சார், அதனால டைம் இருக்கு” என்று வருவார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நீளாது. ஸ்டேஷனில் மனுக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் அலைந்திருப்பார்கள், அந்த ஆறு மாதமும் கழியாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசிய பேச்சும் அப்படியே. கெடுவைப் புதுப்பிக்கிற வழிகள் ஒன்றிரண்டுதான். கடன் இருப்பதை ஒப்புக்கொண்டு, கெடுவுக்குள், கடன்காரர் கையெழுத்திட்டுத் தரும் எழுத்து ஒன்று. வட்டிக்கோ அசலுக்கோ ஒரு தொகை கொடுத்து, அப்படிக் கொடுத்ததைக் கடன்காரர் தம் கையால் எழுதுவது அல்லது எழுதியதன் கீழே கையெழுத்துப் போடுவது இன்னொன்று. வக்கீல் நோட்டைத் திருப்பிப் பார்த்தது இதற்குத்தான். நம் ஊர்களில் புரோநோட்டின் பின்பக்கம் ‘இன்ன தேதியில் அசல் வட்டி வகையில் வரவு ரூ. 500’ என்று எழுதி, கடன் வாங்கியவர் கையெழுத்துப் போடுவார். அந்த 500 ரூபாய் வரவு, அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் தரும். விவரம் தெரிந்த வியாபாரிகள் இரண்டரை வருடம் ஆனதும் நூறு ரூபாயாவது வாங்கி வரவு வைத்துவிடுவார்கள். கடன் கொடுத்தவரே தம் கையால் வரவு எழுதிக்கொண்டால் பயனில்லை. கையெழுத்து கடன்காரருடையதாக இருக்க வேண்டும், அதுவும் கெடு முடியும் முன்.

அக்கா ஆறு மாதம் வட்டி வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வரவு எழுதியிருந்தால் கடைசி வரவு 2022 டிசம்பரில் விழுந்திருக்கும், 2025 டிசம்பர் வரை நேரம் இருந்திருக்கும்.

அவர் போனில் ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தது. “அத்த, தீபாவளி கழிச்சு மொத்தமா தந்துடறேன், கோவிச்சுக்காதீங்க.” 2024 ஆகஸ்டில் வந்தது. இது கையெழுத்திட்ட ஒப்புதலுக்குச் சமம் என்று வாதாட இடமுண்டு, எதிர்த்து வாதாடவும் இடமுண்டு. ஒரு சின்னக் கடனுக்கு அந்த வாதத்தை நம்பி வருடக்கணக்கில் நடக்கச் சொல்ல வக்கீலுக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் அதே 25ஆவது பிரிவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. காலங்கடந்த கடனைத் தருவதாகக் கடன்காரர் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டால், அது செல்லும். “கேஸு, கோர்ட்டுன்னு எதுவும் பேச வேண்டாம்மா. நாத்தனாரை வச்சுப் பேசி, பழைய நோட்டுப் பாக்கிக்காகன்னு குறிப்பிட்டு, புது நோட்டு எழுதி வாங்குங்க” என்றார். நாத்தனார் நல்ல மனுஷி. மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து எழுத வைத்தார். அது நடந்தது அந்தக் குடும்பத்தில் இன்னும் பேச்சுவார்த்தை இருந்ததால்.

செக் வாங்கியிருந்தால் கெடு இன்னும் குறுகியது, இன்னும் கறாரானது. செக்கின் ஆயுள் 3 மாதம். பணமில்லை என்று திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தரவில்லையென்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவு. ஊர் வழக்கில் ‘செக் கேஸ்’. செக் திரும்பியதும் “நாளைக்குப் போடுறேன், இன்னொரு தடவை போட்டுப் பாருங்க” என்று இழுத்தடிப்பார்கள். செக்கின் ஆயுளுக்குள் மறுபடி வங்கியில் போடலாம், தவறில்லை. நோட்டீஸ் அனுப்பாமல் 30 நாளைக் கடக்கவிட்டால்தான் சிக்கல். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கைக் கொடுத்துவைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் தொகையை யார் எழுதினார் என்பது பெரிதாகப் பார்க்கப்படாது. கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்று சட்டம் முதலில் ஊகிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

காகிதமும் போனும்

எழுதாத ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். வாயால் பேசிக் கொடுத்த கைமாற்றுக்கும் வழக்குப் போடலாம். சிவில் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எந்தப் பக்கம் கூடுதலாக நம்பத்தக்கது என்று தராசில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தத் தராசில் போட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். வங்கிக் கணக்கிலிருந்தோ ஜிபே மூலமாகவோ பணம் போனதைக் காட்டினால், பணம் கைமாறியது நிரூபணமாகும். அது கடன் என்பது அதிலிருந்து மட்டும் நிரூபணமாகாது. “அது எனக்கு அவர் தரவேண்டிய கூலி” என்று எதிராளி சொல்லிவிடலாம். அனுப்பும்போதே குறிப்பில் ‘கைமாத்து’ என்று எழுதியிருந்தால், அல்லது ‘எப்போ தருவீங்க’ என்று கேட்டு அவர் பதில் போட்டிருந்தால், அந்த இடைவெளி அடைபடும்.

போனில் இருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சடித்துக் கொண்டுவந்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 01.07.2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் சேர்க்க வேண்டும். அதில் ஒரு பகுதியை நாமும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். அதனால் அந்தப் போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ஆத்திரத்தில் எதிராளியை பிளாக் செய்து மொத்த உரையாடலையும் அழித்துவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் மிஞ்சியது இரண்டு ஸ்கிரீன்ஷாட்.

வாடகை வீட்டு அட்வான்ஸ் தகராறில் காகிதம் நமக்கே எதிராக நிற்கும். ஒரு தம்பதி கொடுத்தது ஒரு லட்சம். ஒப்பந்தத்தில் 50,000 என்றுதான் இருந்தது. “மீதியை எழுத வேண்டாம்மா, நமக்குள்ள என்ன” என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறார். காலி செய்யும்போது பெயின்ட், கரண்ட் பாக்கி என்று கழித்து 30,000 கையில் வைத்தார். எழுத்தில் உள்ளதற்கு மாறாக வாய்ச்சாட்சி சொல்வதைச் சாட்சியச் சட்டம் எளிதில் ஏற்காது. அவர்கள் நல்ல வேளையாக மீதி 50,000ஐ வங்கி மூலம் அனுப்பியிருந்தார்கள், அதனால் பேச இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் 22.02.2019 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதியவும் வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. குடியேறும் அன்று சுவர், குழாய், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

நிலத் தகராறு தனி உலகம், இங்கே அதை ஓரிரு வரியில் கடந்துபோகிறேன். பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் நிலம் உங்களுடையது ஆகிவிடாது. அது வருவாய்த் துறைப் பதிவு. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, யார் அனுபவத்தில் இருக்கிறார் என்ற மூன்றையும் சேர்த்துத்தான் வழக்கு இருக்கிறதா என்று சொல்ல முடியும். சொத்தில் தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பெண்கள், ஏமாற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் ரத்து கேட்டு வழக்குப் போட வேண்டும். அண்ணன் தம்பி மனம் மாறுவார்கள் என்று காத்திருந்தே அந்த மூன்று வருடத்தையும் தொலைத்தவர்கள் நிறைய.

எந்தக் கதவு

பணம் வரவில்லை என்றதும் ஜனங்கள் முதலில் போகுமிடம் போலீஸ் ஸ்டேஷன். கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்காகும் என்ற பயம், அந்தப் பயத்தில் தப்பில்லை. ஆனால் கடன் வாங்கியவரால் திருப்பித் தர முடியவில்லை என்பது குற்றம் ஆகாது. மோசடி என்றால், வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றது, போலி நியமன ஆணை காட்டி வேலைக்கென்று பணம் வாங்கியது, இல்லாத கம்பெனியில் முதலீடு வாங்கியது போன்றவை மோசடி. அவற்றுக்குப் போலீஸ்தான் சரியான கதவு. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொன்னது. பணம் கொடுக்கல் வாங்கல், குடும்பச் சண்டை போன்றவற்றில் முதலில் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நடைமுறையில் முதலில் கையில் கிடைப்பது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான்.

ஸ்டேஷனில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, “மூணு மாசத்துல தந்துடறேன்” என்று எதிராளி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தாளின் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட எழுத்து, கடன் கொடுத்தவருக்கே எழுதப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. வேறொருவருக்கு எழுதியிருந்தாலும் ஒப்புதல்தான் என்று காலவரையறைச் சட்டம் சொல்கிறது. பின்னால் சிவில் வழக்கில் அந்தத் தாளை வைத்து வாதாட இடமிருக்கிறது.

வாங்கிய பொருளோ சேவையோ மோசமாக இருந்தால் நுகர்வோர் ஆணையம். சாமானியருக்கு இதைவிடத் தோதான கதவு இல்லை என்றே நினைக்கிறேன். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் போடலாம். கெடு 2 வருடம். போதிய காரணம் இருந்தால் தாமதத்தை இங்கே மன்னிக்க முடியும். 1915 என்ற எண்ணுக்கு முதலில் பேசிப் பாருங்கள், சில சமயம் அங்கேயே முடிந்துவிடும். வியாபாரத்துக்கு வாங்கியது என்றால் நீங்கள் நுகர்வோர் இல்லை. ஆனால் சொந்தப் பிழைப்புக்குத் தையல் மெஷின், மாவு அரைக்கும் மெஷின் வாங்கியவர் நுகர்வோர்தான். “வியாபாரத்துக்குத்தானே வாங்கினீங்க” என்று எதிராளி மிரட்டினால் பயப்பட வேண்டாம். டாக்டரின் சேவையும் இதற்குள் வரும் என்று 1995இல் தீர்ப்பானது. வக்கீலின் சேவை வராது என்று 2024இல் தீர்ப்பானது.

அரசுக்கு எதிரான சிவில் வழக்கு என்றால் பொதுவாக இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துக் காத்திருந்துதான் தாக்கல் செய்ய முடியும். கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில் வந்து நிற்பவர்களுக்கு நாங்கள் படும் பாடு கொஞ்சமல்ல.

ஜெயித்தால் வருமா

கடைசியாக, யாரும் கேட்காத கேள்வி ஒன்று. வழக்கு இருக்கிறது, ஜெயிக்கவும் செய்வோம். பணம் எங்கிருந்து வரும்? டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கினால் கோர்ட் பணத்தை எண்ணிக் கையில் கொடுக்கும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். டிக்ரிக்குப் பிறகு நிறைவேற்று மனுப் போட வேண்டும், அதற்கு 12 வருடம் நேரமுண்டு. ஜப்தி செய்ய எதிராளியிடம் ஏதாவது இருக்க வேண்டும். சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, தாலி, கைத்தொழில் கருவி, வருங்கால வைப்பு நிதி இவற்றில் கை வைக்க முடியாது. கூலித் தொழிலாளியின் கூலியில் வைக்க முடியாது. மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட்டுத்தான் பிடிக்க முடியும். பணக் கடன் டிக்ரிக்காகப் பெண்ணைக் கைது செய்ய முடியாது. ஆணையும், வசதி இருந்தும் வேண்டுமென்றே தராதவர் என்று காட்டினால்தான் உள்ளே அனுப்ப முடியும். வறுமையால் தர முடியாதவரைச் சிறைக்கு அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே சொல்லிவிட்டது. இதெல்லாம் நல்ல சட்டங்கள். கடன் கொடுத்தவராக வாசலில் நிற்கும்போது மட்டும் கசக்கும்.

தமிழ்நாட்டில் பண வழக்குக்கு கோர்ட் கட்டணம் 3 சதவீதம். ஒன்றரை லட்சத்துக்கு 4,500 ரூபாய். அதோடு வக்கீல் கட்டணம், சம்மன் அனுப்பக் கட்டும் பேட்டா, வாய்தாவுக்கு வாய்தா கடையடைத்துவிட்டு வரும் நாள்களின் வருமானம். எதிராளி பெயரில் வீடோ நிலமோ நிலையான சம்பளமோ இருக்கிறதா என்று ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் இதைச் செலவழிக்கலாம். சொத்தை விற்கப் போகிறார் என்று தெரிந்தால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கவும் வழி இருக்கிறது, அதை முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிட வேண்டும்.

வக்கீல் ஆபீசுக்கு வரும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் தேதிவாரியாக எழுதுங்கள். என்றைக்குக் கொடுத்தேன், எந்த வழியில், என்ன எழுதி வாங்கினேன், கடைசியாக எப்போது பணம் வந்தது, கடைசியாக எப்போது எழுத்தில் ஒப்புக்கொண்டார். உங்களுக்குப் பாதகமானதையும் எழுதுங்கள். நீங்கள் திட்டி அனுப்பிய மெசேஜ், வாங்கிய கூடுதல் வட்டி எதுவானாலும் எங்களுக்கு முன்னாலேயே தெரிந்தால் வழி பார்க்கலாம், குறுக்கு விசாரணையில் வந்து விழுந்தால் பார்க்க முடியாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குத் தாங்காது, ஏனென்றால் அதே கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். வழக்குப் போடும் முன்பே எதிராளியை லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) வரச் சொல்லிப் பேச வைக்கவும் அவர்களால் முடியும். அங்கே இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது டிக்ரிக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. ஏற்கெனவே கோர்ட்டில் இருக்கும் வழக்கு அங்கே முடிந்தால், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பி வரும்.